அளவு கேட்கத் தெரிந்தவரே வடிவமைப்பாளர்

எட்டாம் வகுப்பு 'அளவைகள்' பாடத்திலிருந்து ஒரு தொழிலை அறிமுகம் செய்தல்

'நான் முதல்வன்' திட்டத்தின் வழிகாட்டல் வகுப்புகள் தொடங்கியபின், மேல்நிலை வகுப்பு மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கேட் படிச்சா வேலை கிடைக்குமா சார்?" நான் கோவை மாவட்டத்தில் கணக்கு ஆசிரியர். பம்பு, வார்ப்பு, லேத் பட்டறைகள் சூழ்ந்த பகுதி என்பதால் இக்கேள்வி இயல்பானதே. ஆனால், மென்பொருளைக் கற்றுவிட்டால் போதும், வேலை தானாக வந்துவிடும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. சிலர் கடன் வாங்கிச் சில மாதப் பயிற்சியில் சேர்ந்து, கட்டளைகளை மனப்பாடம் செய்துவிட்டு, வேலையின்றி வீட்டில் இருக்கிறார்கள். இத்தொழிலில் நிலைத்திருப்பவர்களிடம் இருப்பது வேறொரு திறன். அதை எட்டாம் வகுப்பிலேயே விதைக்க முடியும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யார் இந்த ஆலோசகர்கள்?

கணினிவழி வடிவமைப்பு என்பதையே பேச்சுவழக்கில் 'கேட்' என்கிறோம். 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்' இதன் முன்னோடி. அன்று இதற்கு அறையளவு கணினி தேவைப்பட்டது. 1982இல் தனிநபர் கணினிகளுக்கான 'ஆட்டோகேட்' வந்தபின், ஒருவர் தம் வீட்டு மேசையிலிருந்தே வரைபடம் தயாரித்துக் கொடுக்க வழி பிறந்தது.

இன்று பல சிறு தொழிற்கூடங்களால் மாதச் சம்பளத்துக்கு ஒரு வடிவமைப்பாளரை வைத்துக்கொள்ள இயலாது. ஆண்டுக்குச் சில புதிய பாகங்களே அங்கே உருவாகின்றன. அத்தகைய இடங்களுக்கு, ஒரு நிறுவனத்தையும் சாராமல், வேலைக்கு இவ்வளவு அல்லது மணிக்கு இவ்வளவு என்று பேசிப் பணி செய்பவர்களே 'ஃப்ரீலான்ஸ்' வடிவமைப்பு ஆலோசகர்கள். தேய்ந்த பாகத்தை அளந்து வரைதல், கைப்படத்தைக் கணினியில் ஏற்றுதல், முப்பரிமாண மாதிரி உருவாக்குதல் ஆகியவை இவர்களின் அன்றாடப் பணிகள்.

நான்கு தொழில்கள், நான்கு கணக்குகள்

துறைக்குத் துறை மென்பொருளும் மாறலாம். அதைவிட முக்கியமாக, கேட்க வேண்டிய கேள்வி மாறுகிறது. பின்வரும் நான்கையும் நான் கரும்பலகையில் கணக்காகவே தருகிறேன்.

வார்ப்பு: உருக்கிய இரும்பு குளிரும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு ஏறத்தாழ 1 விழுக்காடு, அலுமினியம் ஏறத்தாழ 1.3 விழுக்காடு. 300 மி.மீ. நீளப் பாகம் வேண்டுமெனில் அச்சு மாதிரி வார்ப்பிரும்புக்கு 303 மி.மீ., அலுமினியத்துக்கு 303.9 மி.மீ. இருக்க வேண்டும். "எந்த உலோகம்?" என்று கேட்காதவரின் வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

தகட்டு வேலை: 2 மி.மீ. தகட்டை 'ட' வடிவில், வெளிப்பக்கங்கள் 50, 30 மி.மீ. வருமாறு செங்கோணமாக வளைக்க வேண்டும். எவ்வளவு நீளத் தகடு வெட்டுவது? மாணவர்கள் உடனே 80 என்பார்கள். வளைவின் உள் ஆரம் 2 மி.மீ. எனில், நேரான பகுதிகள் 46, 26 மட்டுமே. வளையும்போது தகட்டின் வெளிப்புறம் நீளும், உள்புறம் நெருங்கும். இடையில் நீளம் மாறாத ஒரு கோடு உண்டு. அது உள்பக்கத்திலிருந்து தடிமனின் 0.4 மடங்கு தொலைவில் இருப்பதாகக் கொண்டால், அதன் ஆரம் 2.8 மி.மீ. கால்வட்ட வில்லின் நீளம் 4.4 மி.மீ. ஆக மொத்தம் 76.4 மி.மீ. வில்லின் நீளம் எதற்கு என்று கேட்கும் குழந்தைக்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை.

கட்டடம்: 1:100 அளவுத்திட்டத்தில் தாளில் 3 செ.மீ. என்பது தரையில் 3 மீட்டர். சுவரின் உள் அளவா, வெளி அளவா என்பதைக் கேட்டாக வேண்டும். இருபுறமும் 23 செ.மீ. சுவர் என்றால் அறையின் அகலத்தில் 46 செ.மீ. மாறிவிடும்.

நகை: முப்பரிமாண மாதிரியின் கன அளவு 0.5 க.செ.மீ. என்று கணினி காட்டுகிறது. 22 காரட் தங்கத்தின் அடர்த்தி ஏறத்தாழ 17.7 கிராம்/க.செ.மீ. எடை 8.85 கிராம். ஒரு சவரன், அதாவது 8 கிராமுக்குள் கேட்ட வாடிக்கையாளருக்கு இவ்வடிவம் பொருந்தாது. தங்கத்தைத் தொடும் முன்பே இது தெரிந்துவிடுகிறது.

கேட்காமல் விட்டால்?

நம் நாட்டு வரைபடங்களில் முதல் கோண வீழல் முறை பின்பற்றப்படுகிறது; மேற்தோற்றம் முன்தோற்றத்தின் கீழே வரும். அமெரிக்காவில் மூன்றாம் கோண முறை. மேற்தோற்றம் மேலே வரும். பக்கத் தோற்றங்களும் இடம் மாறும். இதைக் கவனிக்காமல் படித்தால், வலப்பக்கம் வரவேண்டிய துளை இடப்பக்கம் வந்துவிடும்.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. ஏர்பஸ் ஏ380 விமானத்தை வடிவமைத்தபோது, ஜெர்மனியிலும் பிரான்சிலும் இருந்த குழுக்கள் 'கேட்டியா' மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளைப் பயன்படுத்தின. கம்பித் தொகுதிகள் விமானத்தில் பொருந்தவில்லை. 2006இல் அறிவிக்கப்பட்ட பெருந்தாமதத்துக்கு இது முக்கியக் காரணம். கோப்பு எந்த வடிவில், எந்தப் பதிப்பில் வேண்டும் என்பதும் ஓர் 'அளவு'தான்.

வகுப்பறைச் செயல்பாடு

தேவையானவை: கட்டத்தாள், அளவுகோல், அட்டை, கத்தரிக்கோல், ஒட்டுப்பசை. பொருள்: தீப்பெட்டியின் வெளிக்கூடு, சோப்புப் பெட்டி மூடி போன்ற ஏதேனும் ஒன்று. நேரம்: 2 பாடவேளைகள்.

1. வகுப்பை மூவர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கவும். ஒருவர் வாடிக்கையாளர், ஒருவர் ஆலோசகர், ஒருவர் பட்டறைக்காரர்.

2. வாடிக்கையாளர் மட்டுமே பொருளைப் பார்த்து அளக்கலாம். கேட்டதற்கு மட்டும் விடை சொல்ல வேண்டும்.

3. ஆலோசகர் கேள்விகளை எழுதிக் கேட்டு, மூன்று தோற்றங்களைக் கட்டத்தாளில் வரைய வேண்டும்.

4. பட்டறைக்காரர் வரைபடத்தை மட்டும் பார்த்து அட்டையில் செய்ய வேண்டும். பேசக் கூடாது.

5. இறுதியில் மூலப்பொருளையும் அட்டைப் பொருளையும் அருகருகே வைத்து, வேறுபாட்டை மி.மீ.இல் அளக்கவும்.

என் வகுப்பில் பெரும்பாலான குழுக்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கேட்டு நிறுத்திக்கொண்டன. "தீப்பெட்டி உள்ளே போகணுமா? அப்போ கொஞ்சம் இடைவெளி விடணுமே, எவ்வளவு?" என்று ஒரு மாணவி மட்டும் கேட்டாள். அவளுடைய தந்தை லேத் பட்டறையில் வேலை செய்பவர். எழுத்துத் தேர்வில் பின்தங்கும் அவள், அன்று மற்றக் குழுக்களுக்கும் அளவு கேட்கச் சொல்லிக்கொடுத்தாள். பொறியாளர்கள் 'கிளியரன்ஸ்' என்று சொல்லும் கருத்தை அவள் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள்.

மதிப்பீடு

படத்தின் அழகுக்கு மதிப்பெண் வேண்டாம். கேட்ட கேள்விகளுக்கு 4, அளவுகளின் முழுமைக்கு 3, செய்த பொருளின் பொருத்தத்துக்கு 3 என 10 மதிப்பெண் வழங்கலாம். கேள்வித்தாள்களைச் சேர்த்து வைத்தால், அடுத்த முறை கேள்விகள் எவ்வாறு வளர்ந்துள்ளன என ஒப்பிடலாம். ஆர்வமுள்ளவர்கள் உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் 'ஃப்ரீகேட்' என்ற கட்டணமில்லா மென்பொருளில் அதே பொருளை வரையட்டும்.

மாணவர்களிடம் மறைக்கக் கூடாதவை

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் தொழிற்பயிற்சி நிலையங்களில் இரண்டாண்டு வரைவாளர் பிரிவுகளில் சேரலாம். கட்டடம், இயந்திரம் என இரண்டும் உண்டு. பாலிடெக்னிக் பட்டயப் படிப்பும் ஒரு வழி. படித்தவுடன் தனித்துத் தொழில் தொடங்குவதைவிட, ஒரு பட்டறையிலோ வடிவமைப்பு அலுவலகத்திலோ சில ஆண்டுகள் பணியாற்றுவதே நல்லது. கேட்க வேண்டிய கேள்விகள் அங்கேதான் பிடிபடும்.

தனித்துப் பணியாற்றுபவருக்கு மாதச் சம்பளமில்லை; வருங்கால வைப்பு நிதியை எந்த முதலாளியும் கட்டமாட்டார். பணம் தாமதமாகலாம். எனவே எத்தனை முறை திருத்தம், எப்போது பணம், கோப்பு யாருக்குச் சொந்தம் என்பதை முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருப்பது அவசியம்.

மென்பொருளின் பெயர் பத்தாண்டில் மாறலாம். "உள் அளவா, வெளி அளவா?" என்ற கேள்வி மாறாது. அளவைகள் பாடம் நடத்தும் வாரத்தில் இச்செயல்பாட்டைச் செய்து பாருங்கள். உங்கள் பகுதித் தொழிலுக்கேற்பப் பொருளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.