நெல்லின் எஸ்பிஎல் மரபணுக் குடும்பத்தைக் கணினியில் அலசுவது எப்படி?

நெல் எத்தனை தூர் கட்டும், கதிர் எவ்வளவு கிளைக்கும், மணி எவ்வளவு பருக்கும் என்பதிலெல்லாம் எஸ்பிஎல் மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. நெல்லில் இவை 19. மரபணுக் குடும்ப ஆய்வைப் பழக வரும் மாணவர்களுக்கு இந்தக் குடும்பத்தைத்தான் முதலில் சொல்வேன். விடை ஏற்கெனவே தெரிந்திருப்பதால், ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் முறையை உரசிப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் நிப்பான்பாரே ரகத்தின் புரத வரிசைகளை ரைஸ் ஜீனோம் அனொடேஷன் புராஜெக்ட் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு மரபணுவுக்கு ஒரு டிரான்ஸ்கிரிப்ட் மட்டும் போதும். மற்றவற்றை நீக்காவிட்டால் எண்ணிக்கை வீணாக ஊதிவிடும்.

பிறகு இன்டர்புரோவில் பிஎஃப்03110 என்ற எண்ணில் இருக்கும், எஸ்பிஎல் புரதங்களின் அடையாளமான எஸ்பிபி டொமைன் மாதிரியை எடுத்து, அந்தப் புரத வரிசைகளில் எச்எம்எம்சர்ச் நிரலால் தேடுங்கள். கிடைத்த பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம். இந்த டொமைன் சுமார் 76 அமினோ அமிலம் நீளம். துத்தநாகத்தைப் பிடிக்கும் இடங்கள் இரண்டு. வரிசைகளை மாஃப்ட் நிரலில் ஒப்பிட்டு அடுக்கி, அந்த இடங்களின் சிஸ்டைன்களும் ஹிஸ்டிடின்களும் ஒரே நெடுவரிசையில் நிற்கின்றனவா என்று கண்ணாலேயே பாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் தவறான மரபணு மாதிரிகள் பிடிபடுவது இங்கேதான்.

அடுத்து பரிணாம மரத்தை ஐக்யூ-ட்ரீ நிரலில், மாதிரித் தாவரமான அரபிடாப்சிஸின் எஸ்பிஎல் புரதங்களையும் சேர்த்து வரையுங்கள். அல்ட்ராஃபாஸ்ட் பூட்ஸ்ட்ராப் 95-க்குக் குறைந்த கிளையை நம்பி முடிவு சொல்லாதீர்கள்.

அடுத்த படிதான் இந்தக் குடும்பத்தின் உயிர்நாடி. 19-இல் 11 மரபணுக்களை மைக்ரோஆர்என்ஏ 156 அடக்கி வைக்கிறது. அது ஒட்டும் இலக்கிடங்களைப் பிஎஸ்ஆர்என்ஏடார்கெட் தளத்தில் தேடும்போது புரதக் குறிப்பகுதியை மட்டும் கொடுக்காமல் முழு டிரான்ஸ்கிரிப்டையும் கொடுங்கள். அரபிடாப்சிஸின் எஸ்பிஎல்3, 4, 5 போலச் சிலவற்றில் இலக்கிடம் குறிப்பகுதிக்கு வெளியே, 3' முனைப் பக்கம் இருக்கும். பிறகு ஓஎஸ்எஸ்பிஎல்14-இன் இலக்கிடத்தைத் திறந்து பாருங்கள். சில நெல் வகைகளில் அங்கே ஒரு 'சி', 'ஏ' ஆனதால் மைக்ரோஆர்என்ஏவின் பிடி தளர்ந்தது. தூர் குறைந்து, தண்டு பருத்து, கதிரில் மணி கூடியது. ஐபிஏ1 என்ற பெயரில் 2010-இல் வெளியான கண்டுபிடிப்பு இது. அந்த ஒரு எழுத்தை நீங்களே மாற்றி மறுபடி ஓட்டுங்கள். பொருத்தத்தின் மதிப்பெண் மோசமாவது தெரியும்.

இந்த மரபணுக்கள் எங்கே இயங்குகின்றன என்று பார்க்க எடுக்கும் ஆர்என்ஏ-சீக் தரவில் இளங்கதிரையும் குருத்து நுனியையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். முதிர்ந்த இலையை மட்டும் வைத்துக்கொண்டு கதிர் வளர்ச்சியைப் பற்றிப் பேச முடியாது.

நெல்லில் எல்லாம் சரியாக வந்தபின் கேழ்வரகுக்குப் போகலாம். அது இரண்டு மரபணுத்தொகுதிகள் கூடிய நான்மடியப் பயிர். ஆகவே பல மரபணுக்கள் இரட்டையாக வரும். அவற்றைப் புதிய பெருக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். கணினி தருவது சோதிக்க வேண்டிய மரபணுக்களின் பட்டியல் மட்டுமே. செடியில் சோதிக்கும் முன் எதற்கும் 'விளைச்சல் மரபணு' என்று பெயர் சூட்டாதீர்கள்.