நன்றாக நடந்தது என்று யார் சொன்னார்கள்?

அன்புள்ள இளம் ஆலோசகருக்கு,

முதுகலைப் பட்டம் கையில் இருக்கிறது. பள்ளியிலோ மருத்துவமனையிலோ கவுன்சலிங் அறை ஒன்றும் கிடைத்திருக்கிறது. ‘ஆட்களைப் பார்க்கப் பார்க்கத் தானாக வந்துவிடும்’ என்று மூத்தவர்கள் உங்களைத் தேற்றியிருப்பார்கள். தையற்காரருக்கு அது பொருந்தும்: தோள் பிடிக்கிற சட்டை மறுநாளே திரும்பி வந்து அவருக்குப் பாடம் சொல்லிவிடும். நம் பிழைகள் அப்படித் திரும்பி வருவதில்லை. ஆகவே நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: அனுபவத்தை மட்டும் நம்பாதீர்கள், நீங்கள் பேசுவதை இன்னொருவர் கேட்டுத் திருத்தும் ஏற்பாடு இல்லாமல் ஆண்டுகளைக் கடத்தாதீர்கள்.

இதை வெறும் ஐயத்தில் சொல்லவில்லை. 2016-ல் சைமன் கோல்ட்பெர்க்கும் அவர் குழுவினரும் அமெரிக்காவில் 170 உளச்சிகிச்சையாளர்களிடம் வந்த 6,591 பேரின் நிலையை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஆண்டுகள் ஏற ஏறப் பலன் ஏறவில்லை. சராசரியில் மிகச் சிறிதளவு இறங்கவும் செய்தது. தனித்தனியாகப் பார்த்தால் சிலர் மேம்பட்டிருந்தார்கள். இடையில் நின்றுபோகிறவர்களும் குறைந்திருந்தார்கள். ஆட்களைத் தக்கவைத்துக்கொள்ளக் கற்றுத்தந்த அனுபவம், அவர்களுக்கு உதவக் கற்றுத்தரவில்லை என்றே எனக்கு அதைப் படிக்கத் தோன்றுகிறது. 2005-ல் வந்த இன்னோர் ஆய்வு இதைவிடக் கூர்மையானது. சிகிச்சைக்கு வந்த 550 பேரில் யாருடைய நிலை மோசமாகும் என்று சிகிச்சையாளர்களையே கணிக்கச் சொன்னார்கள். அவர்கள் சுட்டியது 3 பேரை. மோசமானவர்களோ 40 பேர். திறமையைத் தாமே மதிப்பிடச் சொன்னபோது என்ன ஆயிற்று என்பதை 2012-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது: மனநலத் தொழிலில் இருந்த 129 பேரில் கால்வாசிப் பேர் தங்களை முதல் பத்து விழுக்காட்டில் வைத்துக்கொண்டார்கள், சராசரிக்குக் கீழே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. இவர்கள் அக்கறையில்லாதவர்கள் அல்லர். அறையில் இருந்தபடி தெரிந்துகொள்ள முடியாத ஒன்றை, தெரியும் என்று நம்பியவர்கள்.

நம் ஊரில் இப்படி நம்பிவிடுவது இன்னும் எளிது. வருகிறவர் உங்களை டாக்டர் என்பார். நீங்கள் திருத்தினாலும் அடுத்த வாரம் டாக்டர் என்றே அழைப்பார். எப்படி இருக்கிறது என்று கேட்டால் ‘பரவாயில்லைங்க’ என்பார். உங்கள் பேச்சு எனக்கு உதவவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது மரியாதைக்குறைவு என்று வளர்ந்தவர் அவர். நாலாவது வாரம் வரமாட்டார். போன் செய்தால் ஊரில் விசேஷம் என்பார். தேறி நின்றாரா, அலுத்து நின்றாரா? பதிவேட்டில் அது இருக்காது. நம் மனமோ முதலாவதையே எடுத்துக்கொள்ளும். பள்ளியில் இன்னும் சிக்கல். மாணவன் வருவதில்லை, அனுப்பப்படுகிறான். அவன் தலையாட்டிவிட்டுப் போனால் அனுப்பிய ஆசிரியருக்குத் திருப்தி, நமக்கும்தான்.

மாற்று வழி புதிதல்ல. உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1942-ல் வெளியிட்ட நூலில், ஒருவரோடு நடந்த ஆலோசனை அமர்வுகளைத் ஒலித்தட்டில் பதிவு செய்து, முழு உரையாடலையும் அச்சிட்டார். தங்கள் பதிவைக் கேட்ட, பயிற்சி பெற்றுவந்த ஆலோசகர்கள், தாங்கள் நினைத்ததைவிட அதிகமாக வழிநடத்துகிறோம் என்பதைக் கண்டார்கள். அதெல்லாம் அமெரிக்கக் கதை என்பீர்களானால் கோவாவைப் பாருங்கள். மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழுவினர் அங்கே, முன்பு மனநலப் பயிற்சி எதுவும் பெறாத உள்ளூர்க்காரர்களை ஆலோசகர்களாகத் தயார் செய்தார்கள். கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அவர்கள் தந்த சில அமர்வுகளின் பலன் 2017-ல் வெளிவந்தது: மூன்று மாதத்தில் மனச்சோர்விலிருந்து மீண்டவர்கள் 64 விழுக்காடு, வழக்கமான கவனிப்பு மேம்படுத்தித் தரப்பட்ட மற்றவர்களில் 39 விழுக்காடு. அந்த ஆலோசகர்கள் ஒருவர் அமர்வின் ஒலிப்பதிவை மற்றவர்கள் கேட்டு மதிப்பெண் போடும் குழுவில் தவறாமல் உட்கார்ந்தார்கள். பலனுக்கு அது ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பட்டம் இல்லாதவர்களுக்குக் கட்டாயமாக்கியதைப் பட்டம் உள்ள நமக்கு யாரும் கட்டாயமாக்குவதில்லை.

ரகசியம் என்னவாகும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதற்கு அவசரப் பதில் கூடாது. எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மறுத்தாலும் கவனிப்பில் குறைவு இருக்காது என்பதை வாயாலும் சொல்லுங்கள். பதிவு உங்கள் சொந்த போனில் இருக்கக்கூடாது, வாட்ஸ்அப்பில் போகக்கூடாது, கேட்டு முடிந்ததும் அழிய வேண்டும். சிறிய ஊரில் பெயரை மறைத்தால் போதாது. தெருவும் தொழிலும் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். முழு ரகசியம் என்ற வாக்குறுதியை நீங்கள் எப்படியும் தர முடியாது: குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். எல்லைகளை முதல் நாளே சொல்லிவிடுகிறவரிடம்தான் மக்கள் துணிந்து பேசுகிறார்கள் என்பது என் கருத்து.

பதிவோடு கேள்வித்தாளையும் பயன்படுத்துங்கள் என்றால், துயரத்தை எண்ணாக்கலாமா என்பது அடுத்த மறுப்பு. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 தாளில் உள்ள ஒன்பது கேள்விகள் ஒரு மனிதரைச் சொல்லிவிடாது, உண்மை. ஆனால் ஒன்பதாவது கேள்வி சாகும் எண்ணத்தைப் பற்றியது. வாயால் ‘பரவாயில்லைங்க’ என்றவர் அந்தக் கட்டத்தில் குறியிடக்கூடும். அப்படிக் குறியிட்டுவிட்டால், நீங்கள் திட்டமிட்டு வைத்திருந்த மற்ற பேச்சையெல்லாம் அன்று ஒதுக்கி வைக்க வேண்டியதுதான்.

இப்படிக் கேட்டுத் திருத்தும் சூப்பர்விஷனுக்குப் பணமும் இல்லை, பெரிய நகரங்களைத் தாண்டினால் ஆளும் இல்லை என்பதை மறுக்க மாட்டேன். வேலைக்குச் சேரும்போது சம்பளத்தோடு இதையும் கேளுங்கள். எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்ற கணக்கை மட்டும் வாங்கும் நிறுவனம் முழித்தால் முழிக்கட்டும். கிடைக்காவிட்டால், உடன் படித்தவர்களில் முகத்தாட்சணியம் பார்க்காத இரண்டு மூன்று பேரைச் சேர்த்து, வாரம் ஒரு மாலை, ஒருவருடைய பதிவில் இருபது நிமிடம் கேளுங்கள். முதல் வாரம், தடுமாறிய அமர்வை எடுத்துப் போகாதீர்கள். அதன் குறை உங்களுக்கே தெரியும். நன்றாக நடந்தது என்று நினைத்து எழுந்துவந்த அமர்வை எடுத்துப் போங்கள்.