களைத்த கையும் கையுறையும்: ஒரு வகுப்பறைச் செயல்பாடு

எட்டாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "டீச்சர், நோயாளியைப் பார்த்துக்கிற நர்சுக்கு நோய் ஒட்டாதா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு வேலூரில் நர்சிங் படிக்க ஆசை. அந்தக் கேள்வியையே அன்றைய செயல்பாடாக்கினேன்.

தேவையானவை: கையுறைகள், தண்ணீரில் குழைத்த குங்குமம், சோப்பு.

செய்முறை: கையுறை அணிந்த கைகளில் குங்குமத்தைப் பூச வேண்டும். அதுதான் கிருமி. ஒரு கையுறையின் வெளிப்புறத்தை மணிக்கட்டருகே பிடித்து, உட்புறம் வெளியே வருமாறு உரித்து, மறு கைக்குள் சுருட்டிக்கொள்ள வேண்டும். பின் வெறும் விரலை அடுத்த கையுறையின் உள்ளே நுழைத்து அதேபோல் உரிக்க வேண்டும். இறுதியில் சோப்பால் கை கழுவ வேண்டும். இதற்கு 40 முதல் 60 நொடி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

காலையில் சிலர் கைகளில் மட்டுமே சிவப்பு தெரிந்தது. விளையாட்டுப் பாடவேளை முடிந்து களைத்து வந்தவர்களை மீண்டும் செய்யச் சொன்னேன். அவசரமாக இழுத்தார்கள், பலர் மணிக்கட்டில் கறை.

"எங்கம்மாவும் ஷூ கம்பெனியில ஓ.டி. பார்க்கிற அன்னிக்குத்தான் கையில ஊசி குத்திக்கும்" என்றான் ஒரு மாணவன். அன்றைய பாடத்தை அவனே சொல்லிவிட்டான். கொரோனா வார்டில் முழுக்கவச உடைக்குள் மணிக்கணக்கில் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்ற செவிலியருக்கு, அதைக் கழற்றும் நேரமே ஆபத்தான நேரம்.

பிறகு லினியைப் பற்றிச் சொன்னேன். 2018இல் கேரளத்தின் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில், காய்ச்சலுடன் வந்த நோயாளியை அவர் கவனித்துக்கொண்டார். அது நிபா என்று அப்போது யாருக்கும் தெரியாது. மே 21 அன்று அந்த நோய்க்கே அவர் பலியானார். நோயின் பெயர் தெரியும்வரை கிருமி காத்திருப்பதில்லை. ஆகவே எல்லா நோயாளியிடமும் முதலிலிருந்தே பாதுகாப்பு தேவை.

கலந்துரையாடல்: செவிலியரைக் காப்பது யார் பொறுப்பு? "கவனமா இருக்கணும்" என்று தொடங்கிய மாணவர்கள், கையுறையும் முகக்கவசமும் போதிய அளவில் வேண்டும், பணிநேரம் குறைய வேண்டும், இடையே ஓய்வு வேண்டும், உடை கழற்றும்போது அருகில் ஒருவர் நின்று வழிகாட்ட வேண்டும் என்று பட்டியலிட்டனர்.

கடைசி யோசனையை உடனே சோதித்தோம். தோழி ஒருத்தி படிப்படியாகச் சொல்லச் சொல்ல, அந்த மாணவி நிதானமாகக் கழற்றினாள். கறை இல்லை.

உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள். கடைசிப் பாடவேளையில் ஒருமுறை செய்ய மறக்காதீர்கள்.