சிறகின் ஓரக்கோடு

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பழ ஈயை வரைந்து வந்தாள். சிறகின் முன்விளிம்பில் ஓடும் பழுப்புக் கோட்டைப் பாதியில் நிறுத்தி, நுனியில் தனியாக ஒரு புள்ளி வைத்திருந்தாள். என்னிடம் இருந்த படத்தில் கோடு நுனிவரை தொடர்ந்தது. சிவப்பு மையால் கோட்டை இணைத்துத் திருத்தினேன். "இல்ல டீச்சர், அப்படித்தான் இருந்துச்சு" என்றாள். பாட்டிலை எடுத்துவரச் சொல்லிக் கைலென்ஸில் பார்த்தேன். அவள் வரைந்ததே சரி.

புழு வைத்த கொய்யாக்களை ஈரமணல் பரப்பிய பாட்டிலில் இட்டு, வாயைத் துணியால் கட்டியிருந்தோம். புழுக்கள் மணலுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுக்களாயின. பின்னர் ஈக்கள் வெளிவந்தன. ஒரே பாட்டிலில் இரண்டு இனங்கள் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மரபியல் பாடத்தில் வரும் டிரோசோஃபிலா வேறு குடும்பம். அது சுமார் 3 மி.மீ. நீளமே இருக்கும். கொய்யா, மாம்பழங்களைத் துளைத்து முட்டையிடும் இவை பாக்ட்ரோசெரா பேரினத்தைச் சேர்ந்தவை. ஏறத்தாழ வீட்டு ஈயின் அளவு இருக்கும். நம் பகுதியில் காணப்படும் மூன்று இனங்களை இவ்வாறு பிரிக்கலாம்:

1. சிறகு: டார்சாலிஸ் இனத்தில் ஓரக்கோடு நுனிவரை தொடரும். கரெக்டா, ஜொனேட்டா இனங்களில் இடையில் விட்டுப்போய், நுனியில் புள்ளியாகத் தெரியும்.

2. மார்பு: கரெக்டாவில் கருமை, ஜொனேட்டாவில் செம்பழுப்பு. டார்சாலிஸில் நிறம் ஈக்கு ஈ மாறும்.

3. முகம்: டார்சாலிஸ், ஜொனேட்டாவில் இரு கரும்புள்ளிகள் தனித்தனியாக இருக்கும். கரெக்டாவில் அவை குறுக்காக நீண்டு நடுவில் நெருங்கிவரும்.

மாணவியின் ஈக்குக் கருமையான மார்பு, நீண்ட முகப்புள்ளிகள். ஆகவே அது கரெக்டா. நிறத்தை மட்டும் பார்த்திருந்தால் டார்சாலிஸ் என்றே எழுதியிருப்போம்.

செய்துபார்க்கும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள். வெளிவந்த அன்றே ஈயைப் பார்க்க வேண்டாம், நிறம் வெளிறியிருக்கும். சர்க்கரை நீரில் நனைத்த பஞ்சை வைத்து இரண்டு மூன்று நாள் விடுங்கள். பார்க்கும் முன் பாட்டிலைச் சில நிமிடங்கள் குளிர்பெட்டியில் வைத்தால் ஈக்கள் அசையாமல் இருக்கும். இவை பயிரை அழிப்பவை என்பதால் முடிந்தபின் வெளியே விடாமல் சோப்பு நீரில் இட்டுவிடுங்கள்.

அன்று அந்தப் படத்துக்கு முழு மதிப்பெண் போட்டேன். இப்போதெல்லாம் மாணவர் வரைந்ததைத் திருத்துமுன், அவர்கள் பார்த்த பொருளை நானும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.