முன்னோன் வழியும் பின்னோன் வழியும்
(இரு கிற்றார்க் கலைஞர் பற்றிய ஓர் ஒப்புநோக்கு)

இலக்கியக் கல்வியில் ஒப்புநோக்கு இன்றியமையாத ஒரு பயிற்சியாகும். இரு புலவரை எதிரெதிரே நிறுத்தி, இவருள் யார் பெரியர் எனத் தீர்ப்புக் கூறுதல் அதன் நோக்கமன்று. ஒருவரிடத்து இயல்பாய் அமைந்தது மற்றவரிடத்து ஏன் இல்லை என வினவுமிடத்து, இருவர் தன்மையும் தெளிவாகப் புலப்படும். அதுவே அப்பயிற்சியின் பயன். இதனை நூல்களுக்கேயன்றிப் பிற கலைகளுக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்பதைக் காட்டுதற்பொருட்டு, மேனாட்டு இசையுலகிலிருந்து ஓர் எடுத்துக்காட்டினை ஈண்டு ஆராய்வாம்.

ஆராயப் புகுமுன் அளவுகோல் ஒன்று வேண்டும். அதனை நன்னூலே நமக்குத் தருகின்றது. நூல்களை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்திய பவணந்தி முனிவர், வழிநூலுக்கு இரண்டு இயல்புகளை வேண்டினார். முன்னோர் நூலின் முடிபுகளோடு அது ஒத்து நிற்றல் வேண்டும். பின்னோன் தான் வேண்டும் வேறுபாட்டையும் அதிற் கூறுதல் வேண்டும். ஒத்தல் மாத்திரம் இருப்பின் அது படியெடுத்தலாய் முடியும். வேறுபாடு மாத்திரம் இருப்பின் அது வேறொரு நூலாகிவிடும். இவ்விரண்டும் ஒருங்கே அமைதல் அரிதென்பதை நாம் அறிவோம்.

குழுவின் வரலாறு

இங்கிலாந்திலே 1968ஆம் ஆண்டில் ‘டீப் பர்ப்பிள்’ என்னும் இசைக்குழு தோன்றியது. ரிச்சி பிளாக்மோர் கிற்றாரும், ஜோன் லோர்ட் ஓர்கனும், இயன் பெய்ஸ் முரசும் வாசித்தனர். 1969இல் பாடகர் இயன் கிலனும் றொஜர் குளோவரும் சேர்ந்தபின் குழுவின் புகழ் உலகெங்கும் பரவிற்று. பிளாக்மோர் 1975இல் விலகினார், 1984இல் மீண்டார், 1993இல் சுற்றுப்பயணத்தின் நடுவே முற்றாக நீங்கினார். எஞ்சிய நிகழ்ச்சிகளை ஜோ சற்றியானி என்பவர் சில காலம் நிறைவேற்றிக் கொடுத்தார். 1994இல் அமெரிக்கரான ஸ்ரீவ் மோர்ஸ் நிலையான கலைஞராக அமர்ந்தார். பிளாக்மோர் இரு தடவையுமாகக் குழுவில் இருந்த காலம் ஏறத்தாழ 16 ஆண்டுகள். மோர்ஸ் இருந்ததோ 28 ஆண்டுகள். ஆயினும் இறுதிவரை அவரைப் ‘புதியவர்’ என்றே பலர் குறித்தனர் என்பது சிந்திக்கத்தக்கது.

பிளாக்மோரின் முறை

பிளாக்மோர் இளமையில் முறையான கிற்றார்ப் பயிற்சி பெற்றவர். பாக் முதலிய பழைய ஐரோப்பிய இசைவாணரிடத்து ஈடுபாடு மிக்கவர். 1972இல் வெளிவந்த ‘மெஷின் ஹெட்’ என்னும் இசைத்தட்டிலே ‘ஹைவே ஸ்ரார்’ பாட்டிற்கு அவர் அமைத்த தனிவாசிப்பு, பாக்கின் இசைக்கோப்பு முறையைத் தழுவி முன்னரே திட்டமிட்டு அமைக்கப்பட்டது. மேடையிலோ அவர் போக்கு வேறு. ஓரிடத்திற் பேரொலி எழுப்புவார். உடனே கேட்கவும் அரிதாய் ஒலியை அடக்குவார். எதிர்பாராத இடத்தில் மௌனம் சாதிப்பார். தந்தியை இழுத்து வளைத்துச் சுரத்திலிருந்து சுரத்திற்கு வழுக்கிச் செல்வதில் வல்லவர். அதற்கு வாய்ப்பாகத் தம் கிற்றாரின் விரற்பலகையைத் தந்திகளின் கீழே குழிவாகக் குடைந்து வைத்திருந்தார்.

1972இல் யப்பானில் ஒலிப்பதிவான ‘மேட் இன் ஜப்பான்’ என்னும் தொகுப்பைக் கேட்போர், கிலனின் குரலும் அவர் கிற்றாரும் வினாவும் விடையுமாய் மோதுவதைக் கேட்கலாம். ஓர்கனோடும் அவருக்கு அத்தகைய போட்டியே. கேட்பவனுக்கு அடுத்து யாது நிகழும் என்னும் ஐயம் நீங்குவதில்லை. அவ்வையமே அவர் வாசிப்பின் உயிர்நிலை எனலாம்.

மோர்ஸின் முறை

மோர்ஸ் மயாமிப் பல்கலைக்கழகத்தில் இசை பயின்றவர். ‘டிக்சி டிரெக்ஸ்’ என்னும் குழுவை நடத்தி, ஜாஸ், நாட்டுப்புற இசை, மேனாட்டுச் செவ்விசை ஆகியவற்றைக் கலந்து சொற்களில்லா இசை அமைத்தவர். விமானம் ஓட்டுவதைச் சிலகாலம் தொழிலாகவும் கொண்டவர். அவர் வாசிப்பில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியே மீட்டப்படும். மீட்டும் சிறு தகடு மேலும் கீழுமாய் மாறி மாறி இயங்க, விரைந்த நடையிலும் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பா. ஒலியளவுத் திருகியை விரலால் மெல்லத் திருப்பி, தந்தியை மீட்டிய ஓசை கேளாமல், வயலினில் வில் இழுத்தாற்போல இசை எழச் செய்வதும் அவர் கைவந்த கலை.

ஓர்கனோடு போட்டியிடுதற்குப் பதிலாக, அதனுடன் இணைந்து ஒரே சுரவரிசையை இருவருமாய் வாசிப்பதை அவர் பெரிதும் மேற்கொண்டார். இவ்வகையால் குழுவின் இயல்பே மாறிற்று. 2003ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆந் திகதி கொலம்பியா விண்ணோடம் சிதைந்தபோது உயிர்நீத்த கல்பனா சாவ்லா, இக்குழுவின் இசையில் ஈடுபாடுடையவர். அத்துயரைக் கேள்வியுற்ற மோர்ஸ் ‘கொன்ராக்ட் லொஸ்ற்’ என்னும் சொற்களற்ற குறும்பாடலை இயற்றினார். ஒன்றரை நிமிடமளவே நீளும் அவ்விசையில் விரைவு இல்லை, ஆரவாரம் இல்லை. நீண்ட சுரங்கள் மெல்ல எழுந்து அடங்குகின்றன.

ஒரு பாட்டு, இரு கைகள்

சுவிற்சர்லாந்தின் மொன்றோ நகரில் 1971 டிசம்பர் 4ஆந் திகதி சூதாட்ட மண்டபம் ஒன்று எரிந்ததைப் பொருளாகக் கொண்டது ‘ஸ்மோக் ஒன் த வோற்றர்’ என்னும் பாட்டு. அதன் தொடக்க மெட்டைக் கிற்றார் பழகும் இளைஞர் யாவரும் அறிவர். ஒரு சுரத்தையும் அதற்கு நான்காவதாய் அமைந்த சுரத்தையும் இரு தந்திகளில் ஒருங்கே விரல்களாற் கொளுவி எழுப்பினார் பிளாக்மோர். இதனை மோர்ஸ் மாற்றவில்லை. மாற்றியிருப்பின் அவையோர் பொறுத்திரார். பாட்டும் பாட்டாய் இருந்திராது. ‘ஹைவே ஸ்ரார்’ தனிவாசிப்பிலும் யாவரும் மனத்திற்கொண்ட பகுதியைப் பெரும்பாலும் காத்தார். முன்னோன் இடைவெளியாய் விட்டுச்சென்ற இடங்களிலே தம் நடையைப் புகுத்தினார். ஒத்தலும் வேறுபாடும் ஈண்டு ஒருங்கே அமைந்தமை காண்க.

மோர்ஸைக் குறைகூறுவார் கூற்றையும் புறக்கணித்தல் தகாது. அவர் வாசிப்பிலே சுரங்கள் மிகுதி, தூய்மை மிகுதி, பிளாக்மோரிடத்து இருந்த அச்சந்தரும் தன்மை இல்லை என்பர். இதில் உண்மை உண்டு. பழைய பாட்டுக்களின் கரடுமுரடான அழகு சிலவிடத்து மழுங்கிற்று என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆயின் அவ்வச்சத்தைத் தந்த அடங்கா இயல்பே கிலனுடன் பிணக்கையும் விளைவித்து, ஈற்றிற் குழுவைப் பிளந்தது என்பதையும் மறத்தலாகாது.

1975இல் முதன்முதல் அவ்விடத்தை ஏற்ற ரொமி போலின் நிலையையும் நோக்குக. அவரும் தமக்கென ஒரு நடை உடையவரே. ஆயின் குழு 1976இல் கலைந்தது. அவ்வாண்டு முடியுமுன் 25 வயதிலேயே அவர் இறந்தார். பின்னோனுக்குத் திறமை மட்டும் போதாது. வேரூன்றக் காலமும் வேண்டும் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகின்றது.

முடிபு

நோயுற்ற மனைவியைப் பேணுதற்பொருட்டு 2022இல் மோர்ஸ் விலகினார். அவ்விடத்திற்கு வட அயர்லாந்தவரான சைமன் மக்பிறைட் வந்தார். உடனே மோர்ஸை அளவுகோலாக்கி அவரை மதிப்பிடத் தொடங்கினர். நேற்றுப் புதியவராயிருந்தவர் இன்று முன்னோராயினார்.

இவ்வுண்மை இசைக்கு மாத்திரம் உரியதன்று. எக்கல்லூரியிலும் பழைய மாணவர் கூடுமிடத்து, ‘எங்கள் காலத்து ஆசிரியர் போல் வருமா?’ என்னும் பேச்சு எழுதல் இயல்பு. அது நன்றியின் பேச்சு; ஆதலின் போற்றத்தக்கது. ஆயின் அப்பேச்சு நேற்று வந்த இளம் ஆசிரியனின் காதில் விழும்போது எத்துணைச் சுமையாகின்றது என்பதையும் அன்பர்கள் எண்ணுதல் வேண்டும். அவன் முன்னோனைப் போல நடந்தால் ‘வெறும் நகல்’ என்போம். வேறாக நடந்தால் ‘மரபு கெட்டது’ என்போம். இரண்டையும் ஒருங்கே சொன்னால் அவனுக்கு நிற்க இடமேது? காக்கவேண்டியதைக் காத்தானா, தன்னுடையதாக ஒன்றைச் சேர்த்தானா என்னும் இரு வினாக்களையே கேட்போமாக. விடை காணுமுன் சில ஆண்டுகள் பொறுப்போமாக.

மாணவர்க்குப் பயிற்சி

1. ஒரே பாட்டை இருவர் வாசித்த இரு ஒலிப்பதிவுகளைக் கேட்டு, மாறாது நின்றவற்றையும் மாறியவற்றையும் இரு நிரல்களில் எழுதுக.

2. கம்பர் வான்மீகியாரோடு ஒத்தும் வேறுபட்டும் நிற்கும் இடங்கள் இரண்டினைக் காட்டி, அவ்வேறுபாட்டின் பயனை விளக்குக.