பெட்ரோல் டேங்க் வெல்டிங்: புதியவர்களுக்கான முழுமையான பாதுகாப்பு வழிகாட்டி

டேங்கின் அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், "பெட்ரோலை இறக்கிவிட்டு ஒரு பொட்டு வைத்தால் போதும்" என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். பெட்ரோலை இறக்கிய டேங்க்தான் வெடிக்கிறது.

ஆபத்து எங்கே?
எரிவது பெட்ரோலின் ஆவி. காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை அது கலந்திருந்தால் ஒரு பொறி போதும். நிரம்பிய டேங்கில் காற்றுக்கு இடமில்லை. காலி டேங்கில் தாராளமாக உண்டு. டீசல் டேங்கும் விதிவிலக்கல்ல. வெல்டிங் சூட்டில் உள்ளே ஒட்டிய படிவு ஆவியாகிப் பற்றும்.

படி 1: வெல்டிங் தேவையா?
பிளாஸ்டிக் டேங்க் என்றால் பொறியே படக்கூடாது. தகடு துருவேறி மெலிந்திருந்தால் டேங்கையே மாற்றுங்கள். சிறு துளைக்கு, பெட்ரோலைத் தாங்கும் எபாக்சி பசை போதுமா என்று பாருங்கள்.

படி 2: கழற்றுங்கள்
திறந்த வெளியில், பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு வேலை செய்யுங்கள். ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு பரவித் தொலைவிலுள்ள அடுப்பையும் தொடும். மூடி, மிதவை, குழாய் எல்லாவற்றையும் கழற்றுங்கள்.

படி 3: கழுவுங்கள்
பெட்ரோல் தண்ணீரில் கரையாது. வெறும் நீர் போதாது. சோப்புக் கரைசல் கலந்த வெந்நீரால் பலமுறை கழுவி, நீராவி செலுத்த வேண்டும். மடிப்புகளிலும் உள்தடுப்புகளிலும் மிச்சம் ஒளிந்திருக்கும். வாசனை இல்லை என்பது சான்றாகாது. எரிவாயு அளவிடும் கருவியால் பாருங்கள், வெல்டிங்குக்குச் சற்று முன் மறுபடியும் பாருங்கள்.

படி 4: காற்றை நீக்குங்கள்
வெல்டிங் இடத்துக்குச் சற்றுக் கீழ்வரை நீர் நிரப்பி, மீதி இடத்தில் நைட்ரஜன் அல்லது ஆர்கானைச் செலுத்துவது வழக்கம். வாய்கள் திறந்தே இருக்க வேண்டும். ஆக்சிஜனை ஒருபோதும் செலுத்தாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானையும் உள்ளே பீய்ச்சாதீர்கள். அதில் உண்டாகும் நிலைமின்சாரமே பொறியாகலாம்.

படி 5: கைதேர்ந்தவரிடம் கொடுங்கள்
நெருப்பைத் தொடுவது புதியவர் வேலையல்ல. டேங்கில் என்ன இருந்தது, எப்படிக் கழுவினீர்கள் என்பதை வெல்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். துத்தநாகம், ஈயப் பூச்சுகளின் புகை நஞ்சு; முகக்கவசமும் காற்றோட்டமும் கட்டாயம்.

படி 6: சோதியுங்கள்
ஆறியபின் நீர் நிரப்பிக் கசிவு பாருங்கள். கம்ப்ரசரின் முழு அழுத்தத்தைக் கொடுத்தால் டேங்க் பிளக்கும். நன்றாக உலர்த்திய பிறகே பொருத்துங்கள்.

இவற்றில் ஏதாவது ஒரு படியைச் செய்ய வசதி இல்லையென்றாலும், யார் அவசரப்படுத்தினாலும் வேலையை மறுத்துவிடுங்கள். புது டேங்க் கடையில் கிடைக்கும்.