மணவினை யாருக்குக் காவல்?

ஜார்க்கண்ட் மாநிலத்தின் குந்தி, கும்லா, சிம்டேகா மாவட்டங்களில் வாழும் முண்டா, உராவ் முதலிய பழங்குடி மக்களிடையே ‘டுகூ’ என்றொரு சொல் வழங்குகிறது. மணவினை நடவாமலே ஓர் ஆணும் பெண்ணும் ஒரே கூரையின்கீழ்க் குடும்பம் நடத்துவதை அது குறிக்கும். அப்பெண்ணை ‘டுகுனி’ என்பர். வீட்டினுள் புகுந்தவள் என்பது அதன் பொருள். இவர்கள் திருமணத்தை மறுப்பவர்கள் அல்லர். புதுமையை நாடியவர்களும் அல்லர். திருமணம் என்றால் ஊர் முழுவதற்கும் இறைச்சியும் சோறும் அரிசி மதுவும் படைத்து விருந்தளிக்க வேண்டும். அதற்குக் கையில் பொருள் இல்லை. அடுத்த அறுவடைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்த மணம் பத்தாண்டு, இருபதாண்டு என்று நீண்டுவிடுகிறது.

இதற்கான விலையைப் பெரிதும் கொடுப்பவள் அந்தப் பெண்ணே. ஊரார் அவளை மனைவியாக ஏற்பதில்லை. கணவன் இறந்தால் நிலத்தில் உரிமை கோர இயலாது. பல ஊர்களில் இவள் இறந்தால் பொது இடுகாட்டிலும் இடம் கிடைப்பதில்லை. குழந்தைகளுக்குக் காது குத்தும் சடங்கும் மறுக்கப்படுகிறது. அண்மை ஆண்டுகளில் தொண்டு நிறுவனங்கள் அங்கே கூட்டுத் திருமணங்களை நடத்தி வருகின்றன. அவற்றில் தந்தையும் மகனும் ஒரே நாளில், ஒரே பந்தலில் தத்தம் துணைவியரை மணந்த நிகழ்ச்சிகள் உண்டு.

திருமணமின்றிச் சேர்ந்து வாழ்தல் மேனாட்டிலிருந்து நம் பெருநகரங்களுக்கு இறக்குமதியான வழக்கம் என்றே பலரும் எண்ணுகின்றனர். அதைக் கண்டிப்போரும் போற்றுவோரும் இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போவது வியப்பே! உண்மையில் இது பாரத நாடு மிகப் பழங்காலத்திலேயே எதிர்கொண்டு சிந்தித்த விஷயம்.

மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் பாண்டு குந்தியிடம் ஒரு பழைய செய்தியைக் கூறுகிறான். முற்காலத்தில் மணத்திற்கென வரம்பு ஏதும் இருக்கவில்லை. உத்தாலகரின் மகன் சுவேதகேதுவே முதன்முதலில் அதனை வகுத்தான். தன் தாயை வேறொருவர் கைப்பற்றி அழைத்துச் சென்றதைக் கண்டு பொறாத மகன் அவன். அவன் விதித்த வரம்பு மனைவிக்கு மட்டுமன்று, கற்புடைய மனைவியை மீறி நடக்கும் கணவனுக்கும் உரியது. பிற்காலத்தார் இந்த இரண்டாம் பாதியை வசதியாக மறந்துவிட்டனர்.

மனுஸ்மிருதி கூறும் எண்வகை மணங்களுள் காந்தர்வமும் ஒன்று. இருவர் உள்ளமும் ஒன்றுபடுவதே அங்கு மணம். புரோகிதர் இல்லை, சாட்சியும் இல்லை. இவ்வகை மணத்தின் இடர் எங்கே இருக்கிறது என்பதைச் சகுந்தலையின் வரலாறு காட்டுகிறது. காளிதாசர் காட்டும் மோதிரமும் துர்வாசரின் சாபமும் வியாசரின் மூலக்கதையில் இல்லை. அங்கே சகுந்தலை கேள்வி கேட்கத் தெரிந்தவள். தனக்குப் பிறக்கும் மகனே அரசனாக வேண்டும் என்று வாக்குப் பெற்ற பின்னரே துஷ்யந்தனை ஏற்கிறாள். ஆண்டுகள் சென்று மகனுடன் அரசவையில் வந்து நின்றபோது, எல்லாம் நினைவில் இருந்தும், ‘உன்னை நான் அறியேன்’ என்கிறான் மன்னன். யாரும் பார்க்கவில்லை என்று எண்ணித் தீமை செய்பவனைக் கதிரும் நிலவும் காற்றும் அவனுடைய நெஞ்சமும் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று அவள் அவனை இடித்துரைக்கிறாள். இறுதியில் வானிலிருந்து எழுந்த அசரீரியே அவளுக்குச் சாட்சியாகிறது. அதன் பின்னரே மன்னன் தன் உள்ளத்தை வெளியிடுகிறான்: அவளுடைய சொல்லை மட்டும் நம்பி ஏற்றிருந்தால் உலகம் ஐயுற்றிருக்கும் என்பது அவன் கூற்று. காதலில் குறைவில்லை, வாக்கிலும் குறைவில்லை. ஊரறிந்த சான்று ஒன்றே இல்லை. அதற்காக அவமானப்பட்டவள் பெண். எல்லாச் சகுந்தலைகளுக்கும் அசரீரி வாய்ப்பதில்லை.

தொல்காப்பியர் களவொழுக்கத்தைக் காந்தர்வத்தோடு ஒப்பிடுகிறார். அவரே கற்பியலில், பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர்ச் சான்றோர் மணச்சடங்குகளை வகுத்தனர் என்று காரணமும் காட்டுகிறார். ஆக, சடங்கு அன்பை உண்டாக்குவதற்காக வந்ததன்று. ஒருவர் சொன்ன சொல்லை மறுக்க முடியாதபடி ஊரைச் சாட்சியாக்குவதற்காக வந்தது. அந்தச் சடங்கே ஏழைக்கு எட்டாத விருந்தாக மாறும்போது காவலே வேலியாகி, காக்கப்பட வேண்டியவளை வெளியே நிறுத்துகிறது. டுகூ குடும்பங்களின் துயரம் இதுதான்.

கேரளத்து நாயர் சமூகத்தின் ‘சம்பந்தம்’ வேறொரு பாடம். ஆடவன் பெண்ணுக்குப் புடவை அளிப்பதே அதன் முக்கியச் சடங்கு. உறவு இருவர் விருப்பத்தில் நிலைக்கும், விருப்பத்தில் முடியும். எனினும் பெண் தெருவில் நின்றதில்லை. அவளும் குழந்தைகளும் தாய்வழித் தரவாட்டின் உறுப்பினர்கள். சோறும் கூரையும் அங்கே உண்டு. ஆங்கிலேய நீதிமன்றங்கள் இதனை மணமாகவே கருத மறுத்தன. 1891-இல் விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டு, சம்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ள 1896-இல் மலபார் திருமணச் சட்டம் வந்தது. அதை நாடியவர்கள் மிகச் சிலரே. ஆடவர் உத்தியோகம் பார்த்துத் தனியே பொருளீட்டத் தொடங்கியபின் நிலைமை மாறியது. தந்தையின் சம்பாத்தியத்தில் மனைவி மக்களுக்கு உரிமை என்ன என்ற கேள்வி எழுந்தது. திருவிதாங்கூரில் 1912, 1925 ஆண்டுகளின் சட்டங்களும், மலபாரில் 1933-இல் நடைமுறைக்கு வந்த மருமக்கத்தாயச் சட்டமும் அதற்கு விடையளித்தன.

அதே மண்ணில் நம்பூதிரி இல்லங்களில் மூத்த மகன் மட்டுமே தன் குலத்தில் மணம் புரியலாம். இளையவர்களுக்குச் சம்பந்தமே வழி. சொத்துப் பிரியாமல் காக்க ஏற்பட்ட இந்த ஏற்பாட்டினால் நம்பூதிரிப் பெண்களில் பலர் கன்னியராகவே முதிர்ந்து மறைந்தனர். வேறு பலர் முதியவர்க்கு இரண்டாம், மூன்றாம் மனைவியராயினர். 1929-இல் வி.டி. பட்டதிரிப்பாடு எழுதிய ‘அடுக்களையில் நின்னு அரங்கத்தேக்கு’ என்ற நாடகம் இவர்களின் நிலையை மேடையேற்றியது. அப்பெண்களின் தனிமையைப் பிரம்மசரியம் என்று அழைக்க இயலாது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

இன்றைய சட்டமும் சாட்சியில்லாத மணங்களோடு போராடிக்கொண்டுதான் இருக்கிறது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கணவன் மனைவியாக வாழ்ந்தோரைத் திருமணமானவர்களாகவே கொள்ள வேண்டும் என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ‘திருமணத்தை ஒத்த உறவு’க்கும் பாதுகாப்பளித்தது. எந்த உறவு அவ்வாறு ஒத்தது என்பதற்கு 2010-இல் உச்ச நீதிமன்றம் அளவுகோல்கள் வகுத்தது. உத்தராகண்டில் 2025 ஜனவரி 27 அன்று நடைமுறைக்கு வந்த பொதுச் சிவில் சட்டம், சேர்ந்து வாழ்வோர் அதனைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. கைவிடப்பட்ட பெண் ஜீவனாம்சம் கோரவும் வழி செய்கிறது. பழங்குடியினருக்கு அது பொருந்தாது.

இனி, மணமே வேண்டாம் என்போர் நிலை. 2001-இல் சுமார் 5.12 கோடியாக இருந்த தனித்து வாழும் பெண்களின் எண்ணிக்கை, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 7.14 கோடியானது. கணவனை இழந்தோர், பிரிந்தோர், மணமாகாதோர் அனைவரும் இதில் அடங்குவர். தனிமையைத் தேர்ந்தவர்களையும் தனிமையில் விடப்பட்டவர்களையும் ஒரே எண்ணாக்கிப் பேசுவது பெரும்பிழை.

சாஸ்திரங்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. சல்ய பர்வத்தில் முதுமைவரை தவம் புரிந்த கன்னி ஒருத்திக்கு, மணமாகாதவளுக்கு மேலுலகம் இல்லை என்கிறார் நாரதர். அவள் தன் தவத்தில் பாதியைக் கொடுத்து ஒரு முனிவரை மணந்து, ஓர் இரவு மட்டும் வாழ்ந்து உடலை நீக்குகிறாள். மனுவோ, குணமற்றவனுக்குக் கொடுப்பதைவிடப் பெண் இறுதிவரை தந்தை வீட்டிலேயே இருக்கலாம் என்கிறார்.

சாந்தி பர்வத்துச் சுலபையோ யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அரச குலத்தில் பிறந்து, தக்க கணவன் கிடைக்காமையால் மோட்ச நெறியை மேற்கொண்டு தனியே உலகைச் சுற்றி வந்த பிக்ஷுணி அவள். மிதிலையில் ஜனகனைக் காண வந்தபோது, ‘நீ யார்? யாருடையவள்? எங்கிருந்து வந்தாய்?’ என்று அவன் கேட்கிறான். தனித்து வாழும் பெண்ணிடம் இன்றும் வாடகை வீட்டிலும் அலுவலகத்திலும் உறவினர் இல்லத்திலும் கேட்கப்படும் கேள்வியே அது. முக்தி பெற்றவன் என்று சொல்லிக்கொள்ளும் அரசன் ‘யாருடையவள்’ என்று கேட்பது எங்ஙனம் என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். உடல்களும் உறவுகளும் பஞ்சபூதங்களின் சேர்க்கையே. ‘என்னுடையது’, ‘உன்னுடையது’ என்ற பிரிவை இன்னும் காண்பவன் முக்தனாவது எப்படி? ஆளில்லாத வீட்டில் ஓரிரவு தங்கும் துறவியைப் போல் இவ்விரவு தங்கிவிட்டு நாளை செல்வேன் என்கிறாள். ஜனகன் மறுமொழி ஏதும் கூறவில்லை.